ரீற்றா: படுக்கையறையில் ஓர் ஆய்வுகூடம்



புலவர்கள், தலைவர்கள், சமயப் பெரியார்கள் என்று பலருடைய வாழ்க்கை வரலாறுகளை எங்கட மலரில் வாசித்திருக்கிறீர்கள். இம்முறை நான் ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுத விரும்பினேன். அவர் தமிழர் அல்லர். ஆனால் தன் சொந்த நாட்டிலேயே பொய்ப் பெயரில் ஒளிந்து வாழ்ந்தவர். அகதி முகாமில் வைத்தியராக வேலை செய்தவர். பல்கலைக்கழகத்திலிருந்து துரத்தப்பட்ட காலத்தில், வீட்டுப் படுக்கையறையில் இருந்துகொண்டு நரம்புகளைப் பற்றி உலகம் அறியாத ஒன்றைக் கண்டவர். பெயர் ரீற்றா லெவி-மொன்ரால்சினி. பக்கத்து நாடான இத்தாலியில் இந்தப் பெயரைக் கேள்விப்படாத சனம் குறைவு. நானும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஓர் இத்தாலிய அம்மாவிடம்தான் முதலில் கேட்டேன். பிறகு நகர நூல்நிலையத்தில் தேடி வாசித்தேன்.

இளமை

ரீற்றா 1909 ஆம் ஆண்டு ஏப்ரல் 22 ஆம் திகதி, அதாவது எங்கட சித்திரை மாதத்தில், வட இத்தாலியின் ரூரின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கூடப் பிறந்த இரட்டைச் சகோதரி பாவோலா பின்னாளில் ஓவியர் ஆனார். தகப்பன் மின் பொறியியலாளர், தாய் ஓவியம் வரைபவர். வசதியும் படிப்பும் உள்ள வீடுதான். ஆனாலும் பெண் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவதைத் தகப்பன் விரும்பவில்லை. தொழில் என்று போனால் மனைவியாக, தாயாக இருக்கும் கடமை கெட்டுவிடும் என்பது அவருடைய எண்ணம். எங்கட ஊரிலும் இந்தக் கதை புதிதில்லைத்தானே.

இருபது வயதில் ரீற்றாவின் மனம் மாறியது. தன்னை வளர்த்த ஆயா வயிற்றுப் புற்றுநோயால் இறந்ததும், வைத்தியம் படிப்பதென்று முடிவெடுத்தார். தகப்பன் அரை மனத்தோடு சம்மதித்தார். லத்தீன், கிரேக்கம், கணிதம் எல்லாவற்றையும் எட்டே மாதத்தில் படித்துப் பரீட்சை எழுதி, ரூரின் மருத்துவ பீடத்துக்குள் நுழைந்தார். அங்கே ஜுசெப்பே லெவி என்ற கண்டிப்பான பேராசிரியர் படிப்பித்தார். அவருடைய மாணவர்களில் மூன்று பேர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றார்கள். லூரியா, டுல்பெக்கோ, மூன்றாவது எங்கட ரீற்றா. 1936 இல் மிக உயர்ந்த சித்தியோடு வைத்தியரானார்.

இனச் சட்டம்

1938 இல் முசோலினியின் அரசு, யூதர்கள் இத்தாலிய இனத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்று அறிவித்தது. அந்த அறிக்கையில் பத்து விஞ்ஞானிகளின் பெயர்கள் இருந்தன. இதை மறந்துவிடாதீர்கள். படிக்காத சனம் செய்த வேலை அல்ல அது. அதைத் தொடர்ந்து வந்த சட்டங்களால் யூதப் பேராசிரியர்கள் வேலை இழந்தார்கள். யூத மாணவர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டது. ரீற்றாவுக்கும் மூடப்பட்டது, அவரின் பேராசிரியருக்கும் மூடப்பட்டது.

ரீற்றா கொஞ்சக் காலம் பெல்ஜியத்தில் பிறசல்ஸ் நகரிலே ஓர் ஆய்வு நிலையத்தில் இருந்தார். 1940 இல் ஜேர்மன் படை அங்கே நுழைவதற்குச் சற்று முன்பு குடும்பத்தோடு இருப்பதற்காகத் திரும்பி வந்தார். இனி என்ன செய்வது? அமெரிக்காவுக்குப் போவதா, அல்லது வெளியுலகம் தேவைப்படாத ஒரு வேலையை வீட்டிலேயே செய்வதா? குடும்பம் இருப்பதென்று தீர்மானித்தது. ரீற்றா தன் படுக்கையறையை ஆய்வுகூடமாக்கினார்.

தையல் ஊசியும் கோழி முட்டையும்

அந்த அறையில் என்ன இருந்தது? ஒரு நுணுக்குக்காட்டி, முட்டைகளைச் சூட்டில் வைக்க ஒரு பெட்டி, தையல் ஊசிகளைத் தீட்டிச் செய்த சின்னச் சின்னக் கத்திகள். வேண்டிய மூலப்பொருள் கோழி முட்டை. அதுவும் கரு உள்ள முட்டையாக இருக்க வேண்டும். யுத்த காலத்தில் கமக்காரரிடம் போய், பிள்ளைகளுக்கு நல்லதென்று சொல்லிக் கரு உள்ள முட்டைகளைக் கேட்டு வாங்கினார். அவருக்குப் பிள்ளைகளே இல்லை. முளையத்தை எடுத்த பிறகு மிஞ்சிய மஞ்சட்கரு வீணாகப் போகவில்லை, குடும்பத்தின் சாப்பாடானது. சிறிது காலத்தில் பேராசிரியர் லெவியும் வந்து சேர்ந்துகொண்டார். ஆசிரியர் மாணவிக்கு உதவியாளரானார்.

செய்த ஆய்வு இதுதான். அமெரிக்காவிலிருந்த விக்ரர் ஹம்பேர்கர் என்ற ஆய்வாளர் 1934 இல் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். கோழி முளையத்தில் இறக்கையாக வளரப்போகும் சின்ன அரும்பை வெட்டி எடுத்துவிட்டால், முண்ணாணில் அந்தப் பக்கத்து நரம்புக்கலங்கள் மிகக் குறைந்துவிடுகின்றன என்பது அவர் கண்டது. அதற்கு அவர் சொன்ன காரணம், இறக்கை அனுப்பும் ஏதோ ஒரு தூண்டுதல் இல்லாதபடியால் புதிய நரம்புக்கலங்கள் உருவாகவில்லை என்பது.

ரீற்றா அதே வெட்டை வெட்டினார். ஆனால் கடைசியில் மட்டும் பார்த்துவிட்டு நிற்கவில்லை. வெவ்வேறு நேர இடைவெளியில் முளையங்களை எடுத்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தார். அப்போது வேறு கதை தெரிந்தது. நரம்புக்கலங்கள் வழமைபோல உருவாகின்றன. தங்கள் நாரை இறக்கை இருக்க வேண்டிய திசையில் நீட்டவும் தொடங்குகின்றன. அங்கே இறக்கை இல்லை. அதன் பிறகுதான் சாகின்றன. ஆகவே குறைந்தது பிறப்பு அல்ல, கூடியது இறப்பு.

ஒரே எண்ணிக்கைதான், ஆனால் காரணம் இரண்டு. இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. உருவாகவில்லை என்றால் அங்கே தேட ஒன்றுமில்லை. உருவாகி இறந்தது என்றால், அதை உயிரோடு வைத்திருக்கும் ஏதோ ஒன்று இறக்கையிலிருந்து வர வேண்டும், அது வரவில்லை என்று பொருள். அது என்ன என்று கேட்கலாம்.

யூதர் எழுதிய கட்டுரையை இத்தாலியச் சஞ்சிகைகள் பிரசுரிக்க ஏலாது. ஆகவே பெல்ஜியச் சஞ்சிகைக்கு அனுப்பினார்கள், அங்கே வெளிவந்தது.

ஒளிவும் முகாமும்

ரூரின் மீது குண்டுவீச்சு கடுமையானதும் குடும்பம் கிராமத்து வீடொன்றுக்கு இடம்பெயர்ந்தது. அங்கேயும் ஒரு மூலையில் ஊசியும் முட்டையும் வந்தன. 1943 இல் ஜேர்மன் படை இத்தாலிக்குள் இறங்கியது. பிடிபட்டால் மரண முகாம். குடும்பம் தெற்கே ஓடி, புளோரன்ஸ் நகரில் பொய்ப் பெயரும் பொய்ப் பத்திரமுமாக ஒளிந்திருந்தது.

1944 ஓகஸ்ற் மாதம் நேச நாட்டுப் படைகள் புளோரன்சுக்குள் வந்தன. வடக்கே யுத்தம் தொடர்ந்தபடியால் அங்கிருந்து நூற்றுக்கணக்கில் சனம் வந்து குவிந்தது. அந்த அகதி முகாமில் ரீற்றா வைத்தியராகச் சேர்ந்தார். நெருப்புக் காய்ச்சல் பரவி நாளும் பொழுதும் ஆட்கள் இறந்தார்கள். வைத்தியரும் அவரே, தாதியும் அவரே. அந்த முகாமுக்குப் பிறகு அவர் வைத்தியத் தொழிலுக்குத் திரும்பவில்லை. இதை வாசிக்கும்போது வன்னியில் 2009 இல் வேலை செய்த எங்கட வைத்தியர்களையும் தாதியரையும் நினைக்காமல் என்னால் மேற்கொண்டு போக முடியவில்லை. அவர்களைப் பற்றியும் ஒருநாள் யாரும் எழுத வேண்டும்.

பிழை யாருடையது?

யுத்தம் முடிந்தபின் ஹம்பேர்கர் அந்தப் பெல்ஜியச் சஞ்சிகைக் கட்டுரையைக் கண்டார். தன் விளக்கம் பிழையென்று ஒரு பெண் எழுதியிருக்கிறார். வேறொருவர் என்றால் கோபித்திருப்பார். அவர் 1947 இல் ரீற்றாவை அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்ரன் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். இருவரும் சேர்ந்து பார்த்து முடிவு காண்போம் என்பதுதான் நோக்கம். ஹம்பேர்கரும் யூதர். 1933 இல் அவர் அமெரிக்காவில் புலமைப்பரிசிலில் படித்துக்கொண்டிருந்தபோது, ஹிட்லரின் சட்டத்தால் ஜேர்மனியில் அவருடைய பல்கலைக்கழக வேலை பறிபோனது. திரும்பிப் போக நாடு இல்லாமல் அங்கேயே தங்கியவர். இரண்டு அகதிகள் ஒரு முட்டைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள் என்றும் சொல்லலாம்.

ரீற்றா ஒரு வருஷத்துக்கு என்று போனவர், சுமார் முப்பது வருஷம் அங்கே வேலை செய்தார்.

அவர்கள் 1949 இல் வெளியிட்ட முடிவு முக்கியமானது. எதையும் வெட்டாத, சுகமான முளையத்திலும் நரம்புக்கலங்கள் குறித்த காலத்தில் பெருந்தொகையாகச் சாகின்றன. கழுத்தும் நெஞ்சும் உள்ள பகுதிகளின் நரம்புத் திரட்டுகளில் சாவு அதிகம். இறக்கையும் காலும் உள்ள பகுதிகளில் குறைவு, ஏனென்றால் அங்கே நரம்பு போய்ச் சேர வேண்டிய இடம் பெரிது. தசையை அசைக்கும் நரம்புக்கலங்களில் சுமார் பாதி இப்படிப் போய்விடுகிறது என்பது பின்னாளில் எண்ணிப் பார்த்துத் தெரிந்தது. உடல் தேவைக்கு மேலாகக் கலங்களை உண்டாக்கி, போய்ச் சேரும் இடத்தின் அளவுக்குப் பிறகு குறைத்துக்கொள்கிறது. இறப்பவை நோய்ப்பட்ட கலங்கள் அல்ல.

எலியோடு விமானத்தில்

எலிக்கு வரும் ஒருவகைக் கட்டியைக் கோழி முளையத்தில் வைத்தால் நரம்புகள் அதற்குள் அள்ளுகொள்ளையாக வளர்வதை வேறோர் ஆய்வாளர் 1948 இல் கண்டிருந்தார். ரீற்றா அதைத் திருப்பிச் செய்தார். நரம்பு கட்டியைத் தொடாத இடத்தில்கூட வளர்ச்சி தெரிந்தது. அப்படியென்றால் கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கரைந்து இரத்தத்தோடு போகிறது. அதை நிரூபிக்கக் கண்ணாடித் தட்டில் இழையம் வளர்க்க வேண்டும். அந்த வசதி பிறேசிலில் ரியோ டி ஜெனீரோவில் ஒரு சிநேகிதியின் ஆய்வுகூடத்தில் இருந்தது. 1952 இல் கட்டி உள்ள இரண்டு எலிகளையும் காவிக்கொண்டு விமானத்தில் போனார். அங்கே கட்டித் துண்டுக்குப் பக்கத்தில் வைத்த நரம்புத் திரட்டிலிருந்து ஒரே இரவில் நார்கள் கதிர் விட்டன, சாமி படத்தில் தலையைச் சுற்றி இருக்கும் ஒளிவட்டம் மாதிரி.

1953 இல் ஸ்ரான்லி கோஹன் என்ற உயிர் இரசாயனவியலாளர் சேர்ந்தார். அவரும் ஒரு குடிபெயர்ந்த தையற்காரரின் மகன். அந்தப் பொருளைச் சுத்திகரிக்க அவர் பாம்பு நஞ்சைச் சேர்த்துப் பார்த்தபோது எதிர்பாராத விதமாக நஞ்சிலேயே அந்தப் பொருள் கட்டியைவிடப் பலமடங்கு இருந்தது. நஞ்சுப் பைக்கு ஒத்தது பாலூட்டிகளில் உமிழ்நீர்ச் சுரப்பி. எலியின் அந்தச் சுரப்பியைப் பார்த்தார்கள், இன்னும் அதிகம். அது ஒரு புரதம். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர் வைத்தார்கள். அதை மறிக்கும் பிறபொருளெதிரியைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஏற்றியபோது ஒரு வகை நரம்புத் திரட்டுகளே கரைந்து மறைந்தன. படுக்கையறையில் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தது. நரம்புக்கலம் உயிர் வாழ்வதற்கு மறுமுனையிலிருந்து ஒரு புரதம் வர வேண்டும்.

கலத்துக்குள் நடப்பது

நான் ஊரில் ஏ.எல். உயிரியல் படித்தவன். அதோடு நின்றுவிட்டது. ஆகவே எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

நான் வேலை செய்யும் இடத்தில் ஒரு யந்திரம் இருக்கிறது. அதன் பிடியை ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கையை எடுத்தால் தானாக நின்றுவிடும். நிறுத்துவதற்கு யாரும் வரத் தேவையில்லை. வளரும் நரம்புக்கலமும் அப்படித்தான். வளர்ச்சிக் காரணிதான் பிடியை அழுத்தும் கை.

அந்தப் புரதம் நரம்பின் நுனியிலுள்ள ரி.ஆர்.கே-ஏ என்ற வாங்கிப் புரதத்தில் ஒட்டுகிறது. இரண்டும் சேர்ந்த செய்தி நார் வழியே கலவுடலுக்குப் போகிறது. அது வரும்வரை கலத்துக்குள் பி.சி.எல் குடும்பத்துக் காவற் புரதங்கள், பக்ஸ் என்ற கொலைப் புரதத்தை அடக்கி வைத்திருக்கின்றன. செய்தி நின்றால் கலம் பிம் என்ற இன்னொரு புரதத்தைப் புதிதாக ஆக்குகிறது. பிம் போய்க் காவற் புரதங்களைப் பிடித்துக்கொள்கிறது. பக்ஸ் விடுபட்டு இழைமணியின் சுவரில் ஓட்டை போடுகிறது. அதற்குள்ளிருந்து சைற்றோகுறோம் சி வெளியே சிந்துகிறது. ஏ.எல். இல் சுவாசத்துக்கு என்று நாங்கள் பாடமாக்கிய அதே புரதம், இங்கே சாவுக்கு மணி அடிக்கிறது. கஸ்பேஸ் என்ற நொதியங்கள் எழும்பிக் கலத்தை உள்ளிருந்து ஒழுங்காக வெட்டி மடிக்கின்றன. அயற்கலங்கள் அதைத் துப்புரவாக்குகின்றன. வீக்கமில்லை, சீழ் இல்லை.

இந்த வகைச் சாவுக்கு 1972 இல் அப்பொப்ரோசிஸ் என்று பெயர் வந்தது. மரத்திலிருந்து இலை உதிர்வதற்கான கிரேக்கச் சொல் அது. 1988 இல் அதே சென் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்றைக் காட்டினார்கள். வளர்ச்சிக் காரணியை எடுத்துவிட்டு, புதுப் புரதம் ஆக்குவதையும் தடுத்தால் நரம்புக்கலம் சாகவில்லை. அதாவது சாவதற்கும் கலம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. 1996 இல் பக்ஸ் இல்லாத எலிகளில் அந்த நரம்புக்கலங்கள் காரணி இல்லாமலே தப்பின.

இதில் பயன் என்ன என்று கேட்பீர்கள். சாக வேண்டிய கலம் சாகாவிட்டால் புற்றுநோய் வரும். இருக்க வேண்டிய கலம் செத்தால் நரம்பு நோய் வரும். எந்தப் புரதம் எதைப் பிடிக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்து தேடலாம். வளர்ச்சிக் காரணியையே கண்துளி மருந்தாக்கி, நரம்பு கெட்டுப்போன விழிவெண்படல நோய்க்கு 2017 இல் ஐரோப்பாவில் அனுமதித்தார்கள்.

பிந்திய காலம்

1986 இல் ரீற்றாவுக்கும் கோஹனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹம்பேர்கருக்குக் கொடுபடவில்லை. அது நியாயமில்லை என்று பல விஞ்ஞானிகள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. 2001 இல் இத்தாலிய ஜனாதிபதி ரீற்றாவை வாழ்நாள் செனற்றராக நியமித்தார். சகோதரி பாவோலாவோடு சேர்ந்து தொடங்கிய நிதியத்தால் ஆபிரிக்கப் பெண்களின் படிப்புக்கு உதவினார். திருமணம் செய்யவில்லை. நூறு வயதைத் தாண்டிய முதல் நோபல் பரிசாளர் அவர்தான். 2012 டிசம்பர் 30 ஆம் திகதி, 103 வயதில், றோமில் காலமானார்.

நாங்கள் எடுக்கக்கூடாத பாடமும் எடுக்க வேண்டிய பாடமும்

பலமுள்ளது வாழும், பலமில்லாதது சாகும், இயற்கையே அப்படித்தான் என்று இதைக் கேட்டுச் சிலர் சொல்லக்கூடும். அது பிழை. இறக்கையை வெட்டியதும் செத்த கலங்களில் ஒரு குறையும் இருக்கவில்லை. அவை போய்ச் சேர வேண்டிய இடத்தை ஒருவர் ஊசியால் வெட்டி எடுத்தார், அவ்வளவுதான். கலத்தைப் பார்த்து மனிதருக்குச் சட்டம் எழுதினால் என்ன வரும் என்பதற்கு அந்தப் பத்துக் கையெழுத்துகளே சாட்சி. அவற்றால் துரத்தப்பட்ட பெண்தான் இந்த உண்மையைக் கண்டார்.

இன்னொன்று. அந்த அம்மா படுக்கையறையிலிருந்து சாதித்தாரே, உனக்கென்ன என்று பிள்ளைகளையோ, விசாவுக்குக் காத்திருக்கும் பொடியன்களையோ ஏசவும் இந்தக் கதையை எடுக்காதீர்கள். அவருக்கு வீடு இருந்தது, நுணுக்குக்காட்டி வாங்கக் காசு இருந்தது, பக்கத்தில் ஒரு பேராசிரியரே இருந்தார். முகாமில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் அது ஒன்றும் இல்லை. என்னோடு படித்தவர்களில் என்னைவிடக் கெட்டிக்காரர் இருவர் இன்று இல்லை. அவர்களுக்குக் குறைந்தது திறமை அல்ல.

ஆகவே நான் எடுக்கும் பாடம் சின்னது. திறமை தானாக வாழாது, மறுமுனையிலிருந்து ஏதாவது வர வேண்டும். எங்கட சங்க மண்டபம் சனிக்கிழமை பின்னேரங்களில் பூட்டிக் கிடக்கிறது. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இந்த நாட்டு மொழியும், மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதமும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்க எங்களுக்குள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு மேசை, நாலு கதிரை, ஒரு பழைய நுணுக்குக்காட்டி போதும். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். நான் இரவு வேலை இல்லாத கிழமைகளில் உயிரியல் சொல்லிக்கொடுக்க வருவேன். நிர்வாக சபை இந்த வருஷப் பொதுக்கூட்டத்தில் இதை எடுத்துப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.